சுவருக்குள் ஓடும் கரண்ட்: வாசகர் கேள்வி – பதில்

மழை பிடித்ததிலிருந்து கரண்ட் பற்றிய கேள்விகளே அதிகம் வருகின்றன. மும்பைத் தமிழர் வீடுகளிலிருந்து வந்தவற்றில், மற்றவர்களுக்கும் உதவக்கூடிய சிலவற்றுக்கு இந்த முறை பதில்.

1970களில் கட்டிய பில்டிங்கில் பழைய ஃப்ளாட் வாங்கியிருக்கிறோம். லைட், ஃபேன், ஏசி எல்லாம் ஓடுகிறது. ஒரு தடவைகூட டிரிப் ஆனதில்லை. சுவரை உடைக்காமல் வயரிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?
– மாட்டுங்கா வாசகர்

முடியும். ஆனால் 'டிரிப் ஆனதில்லை' என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக விழும் சுவிட்சான எம்சிபிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தன் வழியாக எத்தனை ஆம்பியர் போகிறது என்பது. எங்கோ ஒரு ஜாயிண்ட் லூஸாக இருக்கிறதா, எர்த் வயர் அறுந்து கிடக்கிறதா, சுவிட்ச் தப்பான வயரில் இருக்கிறதா, எதுவும் அதற்குத் தெரியாது.

ஒரு கணக்கு. 3000 வாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்குரூ தளர்ந்து, அந்த இடத்தில் 0.2 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். அந்தப் புள்ளியில் மட்டும் 13 × 13 × 0.2, ஏறக்குறைய 34 வாட் சூடு. ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடக் கூடுதலான சூடு பிளாஸ்டிக் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கீசர் இழுப்பதோ எப்போதும் போல 13 ஆம்பியர்; 16 ஆம்பியர் எம்சிபி ஏன் விழப்போகிறது?

எனவே முதல் சோதனை கையும் மூக்கும். ஏசியையோ கீசரையோ அரை மணி நேரம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி அதன் பின்களைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியவில்லை என்றாலோ, ஒரு பின் மட்டும் பழுப்பேறியிருந்தாலோ, சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி மட்டும் மஞ்சள் படிந்திருந்தாலோ உள்ளே லூஸ். சாக்கெட், பிளக் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கருகிய பழைய பின் புது சாக்கெட்டையும் கெடுத்துவிடும். சூடேறும் சுவிட்ச் பிளாஸ்டிக்கிலிருந்து பல சமயம் மீன் வாடை போல ஒன்று வரும். மீன் வாங்காத நாளில் அந்த வாடை அடித்தால் சுவிட்ச் போர்டை மோந்து பாருங்கள்.

அடுத்தது மெயின் போர்டு. இதை வயர்மேன்தான் திறக்க வேண்டும். மெயினை அணைத்தாலும் மீட்டரிலிருந்து வரும் பக்கத்தில் கரண்ட் இருக்கும். நீங்கள் பக்கத்தில் நின்று நான்கு விஷயங்களைக் கேளுங்கள்.

உங்கள் பில்டிங் வயதுக்குப் பீங்கான் கிட்கேட் ஃபியூஸ் இன்னும் இருக்கலாம். அது இருப்பதைவிட, ஃபேஸுக்கு (கரண்ட் வரும் வயர்) ஒன்று, நியூட்ரலுக்கு (கரண்ட் திரும்பும் வயர்) ஒன்று என்று ஜோடியாக இருப்பதுதான் மோசம். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் லைட் அணையும், ஃபேன் நிற்கும். 'கரண்ட் இல்லை' என்று நினைத்துக் கை வைப்போம். ஃபேஸ் அப்படியே உயிரோடு இருக்கும். நியூட்ரலை ஃபியூஸ் இல்லாமல் நேராக லிங்க்கில் (வயர்களைச் சேர்க்கும் உலோகப் பட்டை) இணைத்து, ஃபேஸுக்கு எம்சிபி போடச் சொல்லுங்கள்.

அடுத்து, வயர் அலுமினியமா? அந்தக் காலத்து வீடுகளில் நிறைய உண்டு. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் அலுமினியம் இல்லை. பழைய ரப்பர் வயர்களில் வெள்ளீயம் பூசிய செம்பும் வெள்ளையாகவே இருக்கும். கரண்ட் அணைத்த நிலையில் நுனியை பிளேடால் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே சிவந்தால் செம்பு, கடைசிவரை வெள்ளை என்றால் அலுமினியம். அலுமினியம் ஸ்குரூவின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கித் தளரும், மேலே கரண்ட் கடத்தாத ஒரு படலமும் பிடிக்கும். ஏசிக்காகப் பிற்பாடு இழுத்த செம்பு வயரை இதோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தால், வீட்டிலேயே முதலில் கருகும் இடம் அதுதான்.

மூன்றாவது, எம்சிபியின் எண்ணும் வயரின் தடிமனும் ஒத்துப்போகிறதா? லைட் சர்க்யூட்டுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் வயர், 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபி. பவர் சாக்கெட்டுக்கு 2.5 வயர், 16 ஆம்பியர். ஒன்றரை டன் ஏசிக்கு 4 வயர், 20 ஆம்பியர். 'அடிக்கடி விழுகிறது' என்று யாரோ 1.5 வயரில் 32 ஆம்பியர் எம்சிபி மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் டிரிப் ஆகாது. அங்கே ஃபியூஸ் வேலையைச் செய்யப்போவது சுவருக்குள் இருக்கும் வயர்.

கடைசியாக மெகர் சோதனை. வயரின் தோல், அதாவது இன்சுலேஷன், எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி அது. எல்லா பிளக்கையும் உருவி, பல்புகளைக் கழற்றி, மெயினை அணைத்து, 500 வோல்ட் டிசி மெகரால் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே போனால் இன்சுலேஷன் தேறாது. புது வயரிங்கில் அது பல பத்து மெகாஓம் காட்டும். சுவரை உடைக்காமல் சுவருக்குள் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆளைக் கூப்பிடும்போதே 'மெகர் லேகே ஆனா' (மெகரோடு வாருங்கள்) என்று சொல்லிவிடுங்கள்; வெறும் டெஸ்டரோடு வந்தால் பாதி வேலைதான் நடக்கும்.

பாத்ரூமில் குழாயைத் தொட்டால் லேசாகச் 'சுர்'ரென்கிறது. கீசரை அணைத்தாலும் சில நாள் இருக்கிறது. ஈரக்கையோடு தொட்டால் அப்படித்தான் இருக்கும் என்கிறார் பிளம்பர்.
– செம்பூர் வாசகி

அப்படி இருக்கக் கூடாது. இதைப் படித்ததும் கீசரின் டிபி சுவிட்சை (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுவது) அணைத்து பிளக்கை உருவிவிடுங்கள். காரணம் தெரியும்வரை அந்தக் குழாயில் யாரும் குளிக்க வேண்டாம். 'சுர்' இருக்கிறதா என்று மறுபடி தொட்டுப் பார்க்கவும் வேண்டாம்; வயர்மேன் மல்டிமீட்டரால் அளக்கட்டும்.

பிளக்கை உருவிய பிறகும் குழாயில் வோல்டேஜ் காட்டினால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லாமலும் இருக்கலாம். பழைய பில்டிங்குகளில் எர்த் வயரைக் கொண்டுபோய் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்க் குழாயில் கட்டிவைப்பது வழக்கமாக இருந்தது. மேல் வீட்டுக் கீசரின் எலிமெண்ட் ஓட்டையானால் அந்தக் கசிவு குழாய் வழியாக உங்கள் பாத்ரூமுக்கு வரும். இன்னொன்றும் நடக்கிறது: ரிப்பேருக்காகக் குழாயின் ஒரு பகுதியைச் சிபிவிசி பிளாஸ்டிக்குக்கு மாற்றுவார்கள். குழாயை நம்பியிருந்த எர்த் அந்த நிமிடமே துண்டாகிவிடும். பிளம்பருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது.

சாக்கெட்டில் அளக்கும்போது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேஸ் – எர்த் 80, 120 என்று நிலையில்லாமல் காட்டினால் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது.

நியூட்ரல் – எர்த் அசையாமல் 0.0 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். அதே சர்க்யூட்டில் ஒரு இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். உண்மையான எர்த் என்றால் லோடு ஏறியதும் அந்த எண் கொஞ்சமாவது உயரும். அப்போதும் 0.0 என்றால், எர்த் இல்லாத குறையை மறைக்க யாரோ சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்திருக்கலாம். கடையில் கிடைக்கும் மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டரும் இதைச் 'சரி' என்றே காட்டும். நியூட்ரல் ஒரு நாள் அறுந்தால் கீசரின் உடம்பு முழுக்க 230 வோல்ட்.

எர்த்தைச் சரிசெய்து, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் கீசரை மறுபடி ஓட்ட வேண்டும்.

மழை வந்தால் ஆர்சிசிபி விழுகிறது. போன வருஷம் வந்த எலக்ட்ரீஷியன் ஏதோ செய்தார், இப்போது விழுவதில்லை. ஆனால் சுவரில் ஈரம் அப்படியே இருக்கிறது.
– முலுண்ட் வாசகர்

அந்த 'ஏதோ' என்ன என்பதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ஆர்சிசிபியில் 'டி' என்று எழுதிய பட்டனை அழுத்துங்கள். கைப்பிடி கீழே விழுந்து வீடு முழுக்க அணைந்தால் நல்லது. கைப்பிடி விழுந்தும் லைட் எரிந்துகொண்டிருந்தால், உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் நேராகச் சேர்த்து 'பைபாஸ்' செய்துவிட்டார் என்று பொருள். இன்வெர்ட்டர் இருந்தால் அதை முதலில் அணைத்துவிட்டுச் சோதியுங்கள், இல்லாவிட்டால் ஏமாந்துபோவீர்கள். அழுத்தியும் ஒன்றும் விழவில்லை என்றால் ஆர்சிசிபியே செத்துவிட்டது. இந்தப் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்துவது நல்ல பழக்கம். ஆனால் அது ஆர்சிசிபியை மட்டும்தான் சோதிக்கிறது. வீட்டு எர்த் நன்றாக இருக்கிறதா என்பதற்கு அது சாட்சி இல்லை.

இனி, மழையில் ஏன் விழுந்தது? ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்பதைத்தான் ஆர்சிசிபி பார்க்கிறது. 30 மில்லிஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 15க்கும் 30க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் அது விழலாம், விதியே அப்படி. கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின் போன்றவை ஒவ்வொன்றும் இயல்பாகவே கொஞ்சம் கசியவிடும். அதோடு ஈரச் சுவரின் கசிவும் சேர்ந்தால் எல்லையைத் தாண்டும்.

தேடும் விதம் இது. எல்லா பிளக்கையும் உருவுங்கள்; சுவிட்சை அணைத்தால் போதாது, அது ஃபேஸை மட்டும்தான் வெட்டும். ஆர்சிசிபியைத் தூக்குங்கள். நின்றால் கோளாறு ஏதோ ஒரு சாதனத்தில். ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் வயரிங்கில். எல்லா எம்சிபியையும் கீழே தள்ளி, ஆர்சிசிபியைத் தூக்கி, எம்சிபிகளை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த சர்க்யூட்.

பல எலக்ட்ரீஷியன்கள் கைவிடும் இடம் இதற்கடுத்தது. எந்த எம்சிபியைத் தூக்கினாலும் விழும், அல்லது லோடு ஏறினால் மட்டும் விழும். அப்படியானால் ஈரத்தில் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஒற்றை எம்சிபி ஃபேஸை மட்டுமே வெட்டுவதால் அதை அணைத்தாலும் இந்தக் கோளாறு அப்படியே இருக்கும். மெயினை அணைத்து, நியூட்ரல் லிங்க்கிலிருந்து ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரல் வயரையும் கழற்றி, மெகரால் எர்த்தோடு தனித்தனியாக அளந்தால்தான் பிடிபடும். முக்கால் மணி நேர வேலை. 'பைபாஸ்' ஐந்து நிமிட வேலை. வித்தியாசம் அவ்வளவுதான்.

மேற்குப் பக்கத்துச் சுவர், பால்கனி லைட், காலிங் பெல் பட்டன், ஏசியின் வெளி யூனிட்: மும்பை மழையில் முதலில் நனைவது இவைதான், அங்கிருந்து தேடச் சொல்லுங்கள். கோளாறான சர்க்யூட்டை மட்டும் எம்சிபியோடு நியூட்ரலையும் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, சுவர்க் கசிவை அடைத்து, காய்ந்த பிறகு மறுபடி மெகர் போட்டு இணைக்கலாம். பைபாஸை இன்றே எடுத்துவிடுங்கள்.

ஒரே அறை, மேலே மாளா (மாடி அறை). சுவர் தகர ஷீட். ஒரு போர்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டு ஃப்ரிட்ஜ், மிக்சி, இஸ்திரி, இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் ஓடுகிறது. குறைந்த செலவில் என்ன செய்யலாம்?
– தாராவி வாசகி

முதலில் தகரம், பிறகு எக்ஸ்டென்ஷன்.

வயர் தகரத்தைத் துளைத்துப் போகும் இடங்களைப் பாருங்கள். ஆள் நடந்தாலே மாளா அதிரும். அதிரும்போதெல்லாம் தகர விளிம்பு வயரின் தோலை அறுத்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் செம்பு தகரத்தைத் தொட்டால் சுவர் முழுக்கக் கரண்ட். அடுத்த வீடும் அதே தகரத்தில் சாய்ந்திருந்தால் அவர்களுக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு சாண் பிவிசி பைப்பைச் சொருகி அதற்குள் வயரை விடுங்கள். ஆணி அடித்து மடக்கிய இடங்களிலிருந்து வயரை எடுத்து கேசிங் பட்டிக்குள் போடுங்கள். இந்தச் செலவு சில மீட்டர் பைப்பும் பட்டியும்தான். வயர்மேனிடம் தகரச் சுவரை எர்த்தோடு இணைத்து, ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொல்லுங்கள். தகர வீட்டில் ஆர்சிசிபியை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். உங்கள் எக்ஸ்டென்ஷன் போர்டு 6 ஆம்பியருக்கானது. பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் நுழைக்கும் கன்வெர்ட்டர் பிளக் வைத்திருந்தால் தூக்கிப் போடுங்கள். அது சாக்கெட்டின் வடிவத்தைத்தான் மாற்றும், தாங்கும் திறனை மாற்றாது. அடுப்புக்கென்று மெயினிலிருந்து 2.5 வயர், 16 ஆம்பியர் சாக்கெட், 16 ஆம்பியர் எம்சிபி என்று தனியாக ஒரு லைன் இழுங்கள். இஸ்திரியையும் அதில்தான் போட வேண்டும், ஆனால் அடுப்பு ஓடாத நேரத்தில். மிக்சியும் ஃப்ரிட்ஜும் பழைய போர்டில் இருக்கலாம். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டிக் கட்டி வைத்து ஓட்டாதீர்கள், சூடு வெளியே போகாமல் உள்ளேயே சுற்றும்.

உள் வாடகைக்காரர் என்றால், உங்கள் சப்-மீட்டர் வரை வரும் வயர் எத்தனை தடிமன் என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அது 1.5 என்றால் தனி லைன் போட்டும் பயனில்லை.

எல்இடி பல்ப் அணைத்த பிறகும் இரவில் மங்கலாக மினுங்குகிறது. ஆபத்தா?
– சயான் வாசகர்

பெரும்பாலும் இல்லை, சில சமயம் ஆம். சுவிட்சில் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகப் போகும் துளிக் கரண்டே எல்இடியை மினுக்கும். மாடிப்படி லைட் போல இரண்டு இடத்தில் சுவிட்ச் உள்ள லைன்களிலும், வயர்கள் நெடுந்தூரம் ஒட்டி ஓடுவதால் இது வரும். இரண்டும் தொந்தரவில்லாதவை.

மூன்றாவது காரணம், சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருப்பது. சுவிட்ச் அணைந்த நிலையில் ஹோல்டரில் ஃபேஸ் இருக்கிறதா என்று வயர்மேனைப் பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தால் அதுதான். சுவிட்சை நம்பி ஸ்டூல் மேல் ஏறி பல்ப் மாற்றுகிறவருக்கு அது எமன். போர்டில் ஃபேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றினால் தீர்ந்தது.

சில நாள் இரவு, பக்கத்து ஃப்ளாட்டில் ஏதோ போட்டதும் எங்கள் லைட் மங்காமல் பிரகாசமாகிறது.
– கோரேகாவ் வாசகி

மங்கினால் சாதாரண லோடு. பிரகாசமானால் பில்டிங்கின் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. மூன்று ஃபேஸ் வரும் பில்டிங்கில் ஒவ்வொரு ஃப்ளாட்டும் ஒரு ஃபேஸில் இருக்கும். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட். பொது நியூட்ரல் விட்டுப்போனால் அந்த 400ஐ இரண்டு வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். அதிக லோடு போட்டவருக்குக் குறைவாகவும், ஒரு லைட் மட்டும் போட்டிருக்கும் உங்களுக்கு 300க்கு மேலும் வரலாம். டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே நொடியில் போகும். அடுத்த முறை பார்த்ததும் மெயினை அணைத்துவிட்டு, சொசைட்டிக்கும் மின் நிறுவனத்துக்கும் உடனே சொல்லுங்கள். இது உங்கள் வீட்டு எலக்ட்ரீஷியன் கை வைக்கக்கூடிய வேலை இல்லை.

ஊருக்குப் போய் ஒரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு 40 யூனிட் பில். கசிவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– தானே வாசகர்

முதலில் ஃப்ரிட்ஜ், வைஃபை இரண்டையும் அணைத்துவிட்டுத்தான் போனீர்களா என்று யோசியுங்கள். ஆம் என்றால் இரண்டு பேர், இரண்டு போன் வேண்டும்: ஒருவர் கீழே மீட்டர் ரூமில், ஒருவர் வீட்டில்.

மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு துடிக்கும். பக்கத்தில் 3200 என்பது போல ஓர் எண் இருக்கும். அத்தனை துடிப்புக்கு ஒரு யூனிட். வீட்டில் மெயினையே அணைத்துவிட்டுக் கீழே இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் துடித்தால், மீட்டருக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் கேபிள் கசிகிறது, அல்லது வேறு யாரோ உங்கள் கணக்கில் எரிக்கிறார்கள். துடிப்பு நின்றால் மெயினைப் போட்டு, எல்லா சுவிட்சையும் அணைத்து வைத்துப் பாருங்கள். 20 நொடிக்கு ஒரு துடிப்பு என்றால் மணிக்கு 180. அது 56 வாட், மாதத்துக்கு 40 யூனிட். உங்கள் கணக்கு அங்கேயே வந்துவிடுகிறது. பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக அணைத்தால் எந்த சர்க்யூட்டில் துடிப்பு நிற்கிறது என்று தெரியும்.

மீட்டரில் 'ஈ.எல்.' (எர்த் லீக்கேஜ்) என்ற விளக்கும் எரிந்தால், போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமில்லை. எர்த்தில் கசிகிறது, அல்லது முந்தைய ரிப்பேரில் பக்கத்து ஃப்ளாட்டின் நியூட்ரலை உங்களுடையதோடு கலந்துவிட்டார்கள். மீட்டருக்குப் பிறகு வரும் கேபிள் உங்கள் பொறுப்பு; மீட்டரும் அதற்கு முன்னால் உள்ளதும் மின் நிறுவனத்தின் பொறுப்பு. புகார் கொடுக்கும்போது இதைப் பிரித்துச் சொல்லுங்கள்.

தரைத்தள வீடு. வெள்ளம் சாக்கெட் வரை வந்து வடிந்துவிட்டது. எல்லாம் காய்ந்த பிறகு மெயினைப் போடலாமா?
– கிங்ஸ் சர்க்கிள் வாசகர்

போடக் கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டிய நாளிலிருந்து உங்கள் பகுதிக்கு வெள்ளம் புதிதல்ல; ஆனாலும் ஒவ்வொரு முறையும் 'வெயில் அடித்ததே, காய்ந்திருக்கும்' என்று மெயினைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிச்சுவர் காய்ந்தாலும் சுவருக்குள் வயர் ஓடும் கான்டூயிட் பைப்பின் வளைவுகளில் தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும். வந்தது சாக்கடை கலந்த தண்ணீர் என்பதால் உப்பும் சேறும் உள்ளே தங்கும்.

தண்ணீரில் மூழ்கிய எம்சிபி, ஆர்சிசிபி, சாக்கெட், சுவிட்ச் எதையும் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், புதிதாக மாற்றுங்கள். வயர் நல்ல தரமானதாக இருந்தால் தப்பிக்கலாம். ஜங்ஷன் பாக்ஸ்களைத் திறந்து நீரை வடித்து, நுனிகளை வெட்டிச் சுத்தம் செய்து, மெகரில் 1 மெகாஓமுக்கு மேல் வந்தால் வைத்துக்கொள்ளலாம். தேறாததை உருவிவிட்டுப் புது வயர் இழுங்கள். இழுக்கும்போதே சாக்கெட்டுகளை இடுப்புக்கு மேலே ஏற்றி, மேலிருந்து கீழே வயர் இறங்கும்படி செய்துவிடுங்கள்.

புது வயர் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையோடு, ஒரு நுனியைச் சீவி இழைகளை எண்ணிப் பாருங்கள். 0.3 எம்எம் இழை என்றால் 1.5க்கு 22, 2.5க்கு 36, 4க்கு 56 இழை இருக்க வேண்டும். 36 இருக்க வேண்டிய இடத்தில் 28 இருந்தால் அந்த வயர்ச் சுருளைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.